"பாவனைக்கு உதவாதது" என்று எழுத முன் ஒருக்கா மூடியைக் கழற்றிப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஐ.சி.டி. படிப்பிக்கிற ஆசிரியர்களும், வீட்டில் பழைய லெப்டொப் ஒன்றை வைத்துக்கொண்டு பிள்ளையைப் படிப்பிக்கிற உம்மா வாப்பாமாரும் வாசித்தால் போதும். மற்றவர்கள் தாண்டிப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

பாடசாலைகளில் வருடாவருடம் பொருட் கணக்கெடுப்பு நடக்கும். குழு வரும். கதிரை மேசைகளை எண்ணும். ஐ.சி.டி. ஆய்வுகூடத்துக்கு வந்தால் ஒரே ஒரு கேள்விதான்: "இது வேலை செய்யுமா?" சுவிட்சைப் போட்டால் மெசின் எழும்பவில்லை, அல்லது எழும்பி ஐந்து நிமிடத்தில் தானாக நிற்கிறது. உடனே "பாவனைக்கு உதவாதது" என்று ஒரு வரி எழுதுவார்கள். அத்தோடு அதன் கதை முடிந்தது. அடுத்த முறை நீங்கள் அதைப் பார்ப்பது களஞ்சிய அறையில், உடைந்த கதிரைகளுக்கு அடியில்.

இப்படி ஒதுக்கிய மெசின்கள் பலவற்றை உரிய அனுமதியோடு நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். சிலது உண்மையிலேயே மௌத்துத்தான். கப்பாசிட்டர் ஊதியிருக்கும், கடற்கரைப் பக்கப் பாடசாலை என்றால் போர்டில் உப்புக் காற்றுப் பட்டுப் பச்சை பிடித்திருக்கும். அதற்கு நானும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் திரும்பத் திரும்ப நான் கண்டது வேறொன்று. மூளை நன்றாக இருக்கிறது, மெமரி நன்றாக இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கில் பிள்ளைகள் செய்த பழைய வேலைகள்கூட அப்படியே கிடக்கின்றன. புரொசசருக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன ஃபேன் மட்டும் சுற்றவில்லை. ஓரிரு ஆயிரம் ரூபாய்ச் சாமான். அதற்காக முழு மெசினையும் அடக்கம் பண்ணிவிட்டோம்.

ஃபேன் என்பது தேய்வதற்கென்றே இருக்கிற சாமான். புதுக் கொம்பியூட்டரில் ஹார்ட் டிஸ்க்கும் சீடி டிரைவும்கூட இல்லாமல் போகலாம், அப்போதும் ஃபேன் மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். ஒரு கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 1500 சுற்று, ஒரு நாளைக்கு 5 மணித்தியாலம், வருடத்தில் 200 பாடசாலை நாட்கள். 9 கோடி சுற்று. அந்தச் சுற்றையெல்லாம் தாங்குவது நடுவில் இருக்கிற ஒரு சிறு உருளைத் துவாரமும் அதற்குள் இருக்கிற கொஞ்ச எண்ணெயும். விலை குறைந்த ஃபேன்களில் அவ்வளவுதான் இருக்கும். எண்ணெய் காயும், தூசி சேரும், தண்டு ஆடத் தொடங்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றுகிறோம், தையல் மெசினுக்கு எண்ணெய் விடுகிறோம். கொம்பியூட்டரை மட்டும் "கரண்ட் சாமான், கை வைக்கக் கூடாது" என்று தொடாமலே சாகவிடுகிறோம்.

அதுவும் சொல்லாமல் சாகிற சாமான் இல்லை. காலையில் போட்டவுடன் "கர்ர்ர்" என்று அரைக்கிற சத்தம், சூடேறியதும் கொஞ்சம் அடங்குகிறது என்றால், தண்டில் எண்ணெய் வற்றிவிட்டது என்று அர்த்தம். வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தவணை தருகிறது. "டக் டக் டக்" என்று ஒழுங்காகத் தட்டுகிற சத்தம் பெரும்பாலும் ஏதோ ஒரு வயர் இதழில் படுவது, அதை ஒதுக்கிக் கட்டினால் முடிந்தது. விமானம் கிளம்புகிற மாதிரி "ஊ" என்று எந்நேரமும் இரைகிறதா? அப்போது ஃபேனில் பிழை இல்லாமல் இருக்கலாம். காற்றுப் போகிற வழி அடைபட்டு அது உயிரைக் கொடுத்து உழைக்கிறது. எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது, நேற்றுவரை இரைந்த மெசின் இன்றைக்குத் திடீரென்று அமைதியாகிவிடுவது. "மாஷா அல்லாஹ், சத்தம் நின்றுவிட்டது" என்று சந்தோசப்படுகிற ஆட்களைக் கண்டிருக்கிறேன். ஃபேன் நின்றுவிட்டது சகோதரரே.

நின்றால் என்ன நடக்கும்? இப்போதைய புரொசசர்கள் உடனே எரிந்து போகாது. சூடு கூடும்போது தன்னைக் காப்பாற்ற அது வேகத்தைக் குறைக்கும். பல இன்டெல் புரொசசர்களில் எல்லை ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ். அதையும் தாண்டினால் ஷட் டவுன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் படாரென்று நிற்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் போட்டால் மறுபடியும் எழும்பும், மறுபடியும் நிற்கும். இந்த விசயம் தெரியாமல்தான் நம்ம ஆக்கள் "வைரஸ்" என்கிறார்கள். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள், அதற்குக் கடையில் காசும் கொடுக்கிறார்கள். புது விண்டோஸும் அதே வேகத்தில் ஊர்கிறது. தூசிக்கு விண்டோஸ் என்ன செய்யும்?

ஓர் ஆய்வுகூடத்தில் நான் பார்த்த காட்சியை மறக்க முடியாது. எந்தப் பாடசாலை என்று கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். மெசினைப் போட்டால் கறுப்புத் திரையில் ஃபேன் பிழை, தொடர எஃப் 1 அழுத்து என்று வரும். ஃபேனின் மூன்றாவது வயர்தான் எத்தனை சுற்று ஓடுகிறது என்று போர்டுக்குச் சொல்லும். சுற்று இல்லை என்றால் போர்ட் இப்படி எச்சரிக்கும். அந்த ஆய்வுகூடத்தில் என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? "கணினியை இயக்கியதும் எஃப் 1 அழுத்தவும்" என்று அழகான கையெழுத்தில் எழுதி, லெமினேட் பண்ணி, சுவரில் ஒட்டியிருந்தார்கள். தரம் 6 பிள்ளைகள் அதைப் பாடமாகவே பழகியிருந்தார்கள். மெசின் "எனக்கு ஏலாது" என்று சொல்கிறது, நாங்கள் பிள்ளைகளுக்கு "அதைக் கேட்காதே" என்று பழக்கியிருக்கிறோம்.

அந்த ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. நான் எழுத வந்த காரணமே இதுதான். அவர் மூடியைக் கழற்றி, ஏதாவது ஒன்று உடைந்தால், பொருட்பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர். விளக்கம் எழுத வேண்டும், கணக்காய்வுக்குப் பதில் சொல்ல வேண்டும், சில வேளை கையில் இருந்து கட்ட வேண்டியும் வரலாம். கழற்றாமலே அது செத்தால்? ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். "பழுதடைந்துள்ளது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். தொட்டவருக்குத்தான் பொறுப்பு, சாகவிட்டவருக்கு ஒரு பொறுப்பும் இல்லை. இப்படியொரு ஏற்பாட்டில் புத்தியுள்ள எந்த ஆசிரியரும் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்க மாட்டார். ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை, சோம்பேறிகள் என்று பேசுகிற பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காசுக் கதையும் இப்படித்தான். பத்து மெசின் வேண்டும் என்றால் கேட்க ஆளுண்டு, கொடுக்கவும் ஆளுண்டு. ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம், பழைய மாணவர் சங்கத்தின் பெயரையும் பலகையில் போடலாம். மூவாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஃபேன் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். எந்தத் தலைப்பில் எழுதுவது, மூன்று விலைமனு எங்கே என்று அலைய வேண்டும். கடைசியில் ஆசிரியர் தன் காசில் வாங்குவார், அல்லது விட்டுவிடுவார். தனவந்தர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை 10 மெசின் கொடுக்க நினைத்தால் 9 கொடுங்கள். பத்தாவதின் காசை ஃபேன், பேஸ்ட், பிரஷ் என்று எழுதி அபிவிருத்திச் சங்கத்தில் போடுங்கள். உங்கள் 9 மெசினும் இரண்டு மடங்கு காலம் ஓடும்.

2022ஐ நாங்கள் இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்கத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களும் அந்த வருடத்தில்தான் வந்தன. அதற்குப் பிறகு லெப்டொப் விலை சாதாரணக் குடும்பத்தின் கையை விட்டே போய்விட்டது. இறக்குமதிச் சாமான் ஒன்றை ஐந்து வருடத்தில் தூக்கி எறிகிற வசதி இந்த நாட்டுக்கு இல்லை. எங்கள் ஊருக்கு அறவே இல்லை.

ஒரு பிள்ளையின் விசயத்தைச் சொல்கிறேன். உயர்தரத்துக்கு ஐ.சி.டி. எடுத்த பிள்ளை. வாப்பா இல்லை. மாமா முன்பு பாவித்த லெப்டொப்பில்தான் பைதன் பழகியது. அது அரை மணித்தியாலத்தில் நிற்கத் தொடங்கியது. கடையில் காட்டியதற்கு "மதர்போர்ட் போய்விட்டது, திருத்துகிற காசுக்குப் புதிது எடுக்கலாம்" என்றார்களாம். உம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சேர், செயினை வச்சிட்டுப் புதுசு ஒன்டு எடுக்கவா, இல்லாட்டி அந்தப் பாடத்தையே மாத்தவா?"

லெப்டொப்பைப் போட்டு, பக்கவாட்டில் காற்று வருகிற துவாரத்தில் கையை வைத்தேன். காற்றே இல்லை. பிள்ளையையே கழற்றச் சொன்னேன், பக்கத்தில் உம்மாவும் இருந்தார். ஃபேனுக்கும் அந்தச் செம்பு நிறக் குழாய் போய் முடிகிற தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு தூசிப் படலம். விரலால் பிடித்து உரித்தால் ஒரே துண்டாக வந்தது. ஃபேனும் தேய்ந்துதான் இருந்தது. ஃபேனின் முதுகில் ஒட்டியிருக்கிற இலக்கத்தைப் பிள்ளையே எழுதி எடுத்து, கொழும்புக்குப் போகிற சொந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்து பம்பலப்பிட்டியில் எடுப்பித்தது. செயின் கழுத்திலேயே இருக்கிறது. எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மூடியைக் கழற்றித் துப்புரவாக்கி 800 ரூபாய் மட்டும் எடுக்கிற தம்பிமாரும் நம்ம ஊரில் இருக்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால், யார் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வாடிக்கையாளருக்குக் கொஞ்சமாவது அறிவு வேண்டும்.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி இன்னும் என்னைக் குடைகிறது. "இத ஏன் சேர் எங்களுக்குப் பாடத்தில செஞ்சு காட்டல்ல?" புரொசசருக்குள் கணித தர்க்க அலகு, கட்டுப்பாட்டு அலகு என்று படம் வரைந்து பெயரிட அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதே புரொசசர் எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டது அன்றுதான். பெண் பிள்ளைகளின் பாடசாலைகளில் நிலைமை இன்னும் மோசம். ஸ்குரூ டிரைவர் என்றாலே "தம்பியைக் கூப்பிடு" என்பார்கள். ஏன் கூப்பிட வேண்டும்? தையல் மெசினின் பொபினைக் கழற்றிப் பூட்டுகிற கைகளுக்கு நாலு ஸ்குரூ பெரிய விசயமா?

"பிள்ளைகள் உடைத்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். ஏற்கெனவே "பாவனைக்கு உதவாதது" என்று எழுதி வைத்திருக்கிற மெசினில்தானே பழகப் போகிறார்கள். இனி அதில் உடைய என்ன இருக்கிறது?

ஆனால் சில இடங்களில் நான் கண்டிப்பு. பவர் சப்ளைப் பெட்டியை, அதாவது பின்பக்கம் பிளக் குத்துகிற அந்தப் பெட்டியை, பிள்ளைகள் திறக்கவே கூடாது. உள்ளே 230 வோல்ட் வந்து போகிற இடம், பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் அடிக்கிற அளவுக்கு மின் தங்கியிருக்கும். அதற்குள் இருக்கிற ஃபேன் பழுதென்றால் பெட்டியையே மாற்றுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத மெசினையும் தொட வேண்டாம், விற்றவரைக் கூப்பிடுங்கள். மற்றபடி பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, பெட்டியின் இரும்பில் கையை வைத்துவிட்டுத் தொடங்கலாம்.

துப்புரவாக்க மென்மையான பெயின்ற் பிரஷ் ஒன்று போதும். புளோவர் இருந்தால் நல்லது, ஆனால் காற்று அடிக்கும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது அளவுக்கு மீறிச் சுற்றினால் தண்டு கெடும். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். ஃபேனை மட்டும் மாற்றினால் பேஸ்ட் தேவையில்லை. கீழே இருக்கிற அலுமினியக் கட்டியைத் தூக்கினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு கௌபி மணியளவு வைக்க வேண்டும். பாணுக்கு மாஜரின் பூசுகிற மாதிரி அப்ப வேண்டாம்.

எண்ணெய் விடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஃபேனின் முதுகு ஸ்டிக்கரை மெதுவாகத் தூக்கி, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில ஃபேன்கள் கொஞ்ச காலம் ஓடும். அது பனடோல், வைத்தியம் இல்லை. புது ஃபேன் வரும்வரை பரீட்சைக் காலத்தைத் தாண்ட உதவும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். கொஞ்ச நாளில் பிசின் பிடித்து, ஆடிய ஃபேனும் ஒட்டிக்கொள்ளும். கண்ணால் கண்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

கிழக்கில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னல் திறந்த ஆய்வுகூடத்தில் ஒரே தவணையில் சேருகிற தூசி, ஏசி வேலை செய்கிற அறையில் வருடம் முழுக்கச் சேராது. துணி உறை தைத்துப் போடுகிற டீச்சர்மாரின் அன்பு பெரியது, ஆனால் மெசின் ஓடும்போது உறை அதன் முதுகில் கிடந்தால் அது மூச்சு முட்டும். மேசைக்குள் பெட்டி வைக்கிற அலுமாரி இருந்தால் அதன் பின் பலகையைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் லெப்டொப்பைத் தலையணையில் வைத்துப் பாடம் பார்க்கிற பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். காற்றை உள்ளே எடுக்கிற துவாரம் பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது.

ஃபேன் என்றால் அசிங்கம், சத்தம் என்று நினைத்த பெரிய மனிதர்களும் இருந்திருக்கிறார்கள். 1980இல் அப்பிள் கம்பெனி அப்பிள் 3 என்று ஒரு மெசினை வெளியிட்டது. அதில் ஃபேனே வைக்கக் கூடாது என்று ஸ்டீவ் ஜொப்ஸ் பிடிவாதம் பிடித்தார். உள்ளே சிப்புகள் தம் இடத்திலிருந்து கிளம்பின. மெசினைச் சில அங்குலம் தூக்கி மேசையில் போடுங்கள், சிப் மறுபடி உட்காரும் என்று பாவனையாளர்களுக்கு ஆலோசனை சொன்ன கதை பிரபலம். கடைசியில் முதல் 14,000 மெசின்களை இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. இப்போது 2020இல் வந்த எம்1 மெக்புக் எயாரில் ஃபேன் இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறது என்று யாராவது கருத்தில் எழுதுவீர்கள். உண்மைதான். அதில் நாலு எங்கள் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி வையுங்கள், இந்தப் பதிவை அழித்துவிடுகிறேன்.

அதுவரை நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. ஆய்வுகூடத்தில் ஒரு பராமரிப்புப் புத்தகம். தவணைக்கு ஒரு நாள், அதிபரின் கையெழுத்தோடு, ஆசிரியரும் தரம் 10, 11 பிள்ளைகளும் மூடியைக் கழற்றித் துப்புரவாக்க எழுத்து மூல அனுமதி. அந்த நாளில் ஏதாவது உடைந்தால் அது பராமரிப்பில் ஏற்பட்ட சேதம், ஆசிரியரின் தலையில் விழாது என்று அதே கடிதத்தில் ஒரு வரி. அபிவிருத்திச் சங்கத்தில் வருடத்துக்கு 10,000 ரூபாய். "பாவனைக்கு உதவாதது" என்று எழுத முன், இந்தப் புத்தகத்தில் அந்த மெசினின் பக்கத்தைப் பார்த்தோம் என்று கணக்கெடுப்புக் குழுவின் ஒரு கையெழுத்து. இதில் எதற்குமே கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். அதிபர்மார் யாராவது வேறு மாதிரி நினைத்தால் எழுதுங்கள், உண்மையிலேயே கேட்க விரும்புகிறேன்.

திங்கட்கிழமை காலையில் ஆய்வுகூடத்தைத் திறக்கிற சேர்மார், டீச்சர்மாருக்கு ஒரு வேலை. சீலிங் ஃபேனைப் போட முன், பிள்ளைகள் வர முன், கொம்பியூட்டர்களை மட்டும் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நின்று கேளுங்கள். "கர்ர்" என்கிற மெசினின் இலக்கத்தையும், ஒரு சத்தமும் இல்லாத மெசினின் இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஃபேனின் ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி, வயர் முனையில் எத்தனை துவாரம் என்று தெரிகிற மாதிரி, இரண்டு படம் எடுத்து எனக்கு இன்பொக்ஸில் அனுப்பினால் எந்த அளவு வாங்க வேண்டும் என்று சொல்கிறேன். இரவு 9 மணிக்குப் பிறகுதான் பார்ப்பேன், அதற்கு முன் விடைத்தாள் திருத்துகிற வேலை கிடக்கிறது.